கருமையைத் துறந்த விமானங்கள்

1941-ஆம் ஆண்டில் அட்லாண்டிக் சமுத்திரத்தின்மீது ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறந்த பிரிட்டிஷ் விமானங்களில் பல, முதலில் இராக்காலக் குண்டுவீச்சுக்கென்று அமைந்தவையாதலால், வயிற்றுப் பக்கம் முழுவதும் கரிய வர்ணம் பூசப்பட்டிருந்தன. இரவில் எதிரியின் தேடுவிளக்குகளுக்குத் தப்ப உதவிய அந்தக் கருமையே பகலில் அவற்றுக்குச் சத்துருவாயிற்று. நீர்மூழ்கியானது மின்கலங்களுக்குச் சக்தி ஏற்றுவதற்காக நெடுநேரம் நீர்மட்டத்தில் மிதந்தாக வேண்டும். ஆயினும் தூரத்தில் விமானத்தைக் கண்டால் அரை நிமிஷத்துக்குள் ஆழத்தில் அமிழ்ந்துவிடும். ஆகவே, யார் முதலில் காண்கிறார்கள் என்பதிலேயே அந்த வேட்டையின் ஜெயமும் தோல்வியும் அடங்கியிருந்தன.

அவ்வாண்டு கரையோர விமானப்படையின் ஆராய்ச்சிப் பணிக்கு வந்த பௌதிக விஞ்ஞானி பாட்ரிக் பிளாக்கெட்டும் அவருடைய சகாக்களும் இந்த விஷயத்தைக் கணித திருஷ்டியோடு அணுகினார்கள். வட அட்லாண்டிக்கின் வானம் பெரும்பாலும் மேகம் கவிந்து வெளுத்தே இருக்கும்; வெளிச்சம் மேலிருந்து விழ, கீழேயிருப்பவன் காண்பது விமானத்தின் நிழற்பக்கத்தையே ஆதலால், எந்த விமானமும் அந்த வெளுப்பின் முன்னே ஒரு கரும்புள்ளியாகத்தான் தோன்றும். அடிப்பாகத்தையும் பக்கங்களையும் வெள்ளையாக்கினால் கண்ணில் படும் தூரம் 20 சதவீதம் குறையும் என்றும், அதனால் மூழ்கடிக்கப்படும் நீர்மூழ்கிகளின் எண்ணிக்கை 30 சதவீதம் பெருகும் என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். புதிய இயந்திரமோ புதிய ஆயுதமோ இல்லாமல், வர்ண மாற்றம் ஒன்றினாலேயே இத்தனை பலன் கிட்டக்கூடுமென்று கண்டதை அந்த யுத்தத்தின் மிக அழகிய சிந்தனைகளுள் ஒன்றாக நான் மதிக்கிறேன். வெள்ளை விமானங்கள் கடல்மேல் பறக்கலாயின.

ஆனால் வர்ணம் ஒளியைப் பிரதிபலிக்குமேயன்றி உண்டாக்காது. நிழலை அறவே போக்க வேண்டுமானால் விமானமே வானத்தளவு ஒளிர வேண்டும் என்ற துணிவான முடிவுக்கு, 1943-இல் ‘யெஹூதி’ என்னும் இரகசியத் திட்டத்தைத் தொடங்கிய அமெரிக்கக் கடற்படையினர் வந்தார்கள். அவெஞ்சர் விமானத்தின் இறக்கை விளிம்பிலும் மூக்கைச் சுற்றியும் விளக்குகளை வரிசையாகப் பதித்து, பின்னணி வானத்தின் பிரகாசத்துக்கு இணையாக அவற்றின் ஒளியைக் கூட்டியும் குறைத்தும் பரீக்ஷித்தபோது, 12 மைல் தூரத்திலேயே புலப்படக்கூடிய விமானம் 2 மைலுக்கும் குறைவான தூரத்துக்கு நெருங்கும் வரையில் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. விளக்குகள் முன்னோக்கியே எரிந்ததால் விமானி இலக்கை நேராக நோக்கிப் பறக்க வேண்டும். தூரத்திலிருப்பவனுக்கு விளக்குகள் தனித்தனியே தெரியாமல், ஒரே வெளிச்சமாகக் கலந்து வானத்தோடு ஒன்றிவிடும்.

ராடார் வளர்ச்சியடைந்து கண்ணின் பிரதானம் குறைந்துவிட்டபடியால், அந்த விளக்குகள் போருக்குச் செல்லவில்லை. எனினும், விமானிகள் ஒருவரையொருவர் கண்ணால் தேடிப் போரிட நேர்ந்த வியட்நாம் யுத்தத்தின் அனுபவத்தால், 1973-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கர்கள் பாண்டம் விமானம் ஒன்றில் அதே உபாயத்தை மறுபடியும் சோதித்துப் பார்த்தார்கள்.