மினுக்கத்திற்கு விலை மூச்சா?

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றைக் கடந்து மேலே சென்றால், சில நாள்களில் நண்பகலிலும் மூடுபனி வாசலில் வந்து நிற்கும். சென்ற மாரிக்காலத்தில், செம்மேட்டில் கடை வைத்திருக்கும் என் சகோதரி மகனின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். கொல்லைப்புறத்தில் தார்ப்பாயை மறைப்பாகக் கட்டி, வாடகைக் கம்ப்ரஸரும் ஸ்பிரே கன்னுமாகத் தன் பழைய மோட்டார் சைக்கிளுக்கு அவனே வண்ணம் அடித்துக்கொண்டிருந்தான். வாயையும் மூக்கையும் சுற்றி ஒரு கைக்குட்டை. அவனுடைய சின்ன மகள் நிலைப்படியில் அமர்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்ணம் நன்றாகவே பிடித்திருந்தது. அதன்மேல் கண்ணாடிபோல் அடிக்கும் ‘கிளியர் கோட்’ என்ற மேற்பூச்சுதான் காலை வாரியது. பளபளக்க வேண்டிய டாங்க், பால் ஊற்றியதுபோல் வெளுத்து, ஊசி குத்தியதுபோல் புள்ளி புள்ளியாயிற்று. “ஏன் மாமா இப்படி ஆயிற்று?” என்றான். கலைப் பட்டம் பெற்று மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் எனக்கு இதில் என்ன தெரியும்?

மலையிலிருந்து இறங்கினால் நாமக்கல். லாரிகளுக்குப் பாடி கட்டுவதில் பெயர் பெற்ற ஊர். திரும்பும் வழியில், அங்கே நெடுங்காலமாக வாகனங்களுக்கு வண்ணம் அடித்துவரும் பெரியவர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் டாங்க்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “மூக்கில் என்ன கட்டியிருந்தார், பாய்?” என்றுதான் முதலில் கேட்டார். அந்தக் கேள்வியின் பொருளைப் பின்னர் தேடிப் படித்தே அறிந்தேன். அறிந்ததை வாசகர்களுக்கும் சொல்வது கடமை எனக் கருதுகிறேன்.

ஈரத்தைத் தேடும் பொருள்

இன்று பட்டறைகளில் அடிக்கப்படும் கிளியர் கோட் பெரும்பாலும் இரு பொருள்களின் கலவையாகும். ஒன்று ரெசின், மற்றொன்று அதை இறுகச் செய்யும் ஹார்டனர். ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் வகை வேதிப்பொருள். இரண்டும் கலந்தவுடனேயே ஒன்றோடொன்று பிணையத் தொடங்கும். உலர்ந்தபின் அந்தப் படலம் ஏறத்தாழ 50 மைக்ரான் தடிமனே இருக்கும். ஒரு தலைமுடியின் பருமன் என்று கொள்ளலாம். அதுவே வெயிலையும் மழையையும் தாங்கி அடியிலுள்ள வண்ணத்தைக் காக்கிறது.

ஐசோசயனேட் தண்ணீரோடும் வினைபுரியும். அப்போது கரியமில வாயு வெளிப்படும். அதுவே குமிழியாகிப் பூச்சில் புள்ளிகளாக நிற்கிறது. தின்னர் ஆவியாகும்போது தகடும் குளிர்கிறது. பனி நாளில் அதன்மேல் ஈரம் படிந்து பூச்சு வெளுக்கிறது. ஆகவே டாங்க் கெட்டதற்குக் கைப்பிழையைவிட மலையின் பனியே காரணம்.

டாங்க்கில் படிந்த ஈரத்தை விடாத அந்தப் பொருள் நம் மூச்சுக்குழலை விட்டுவைக்குமா? அங்குள்ள ஈரச் சவ்வின் புரதங்களோடும் அது வினைபுரிகிறது. சிலருடைய உடல் அதைப் பகையாக நினைவில் வைத்துக்கொள்கிறது. அதன்பின் மிகச் சிறிதளவு பட்டாலும் இழுப்பு வந்துவிடும். தொழிலையே கைவிட நேரிடும். இவ்வகைப் பூச்சு அடிப்போருக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு ஏனையோரைவிட ஏறத்தாழ 80 மடங்கு என்று பிரிட்டனின் தொழிற்பாதுகாப்புத் துறை எச்சரித்துள்ளது.

1984 டிசம்பரில் போபாலில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஹார்டனரில் உள்ளது வேறு பொருள். அவ்வளவு எளிதில் ஆவியாவதில்லை. ஆனால் ஸ்பிரே கன் அதை நுண்துளிகளாக்கி நம் மூச்சில் கலந்துவிடுகிறது.

கைக்குட்டை போதாது

கைக்குட்டையோ தூசுக்கான துணி முகமூடியோ இதைத் தடுக்காது. முறையான பட்டறைகளில், காற்றை உறிஞ்சி வெளியேற்றும் தனியறையில், குழாய்வழியே தூய காற்றைத் தரும் முகமூடி அணிந்து அடிக்கிறார்கள். அடித்து முடித்த பின்னும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் மிதக்கும். உடனே முகமூடியைக் கழற்றக் கூடாது. வாடை தெரியவில்லை என்பதால் ஆபத்து நீங்கிவிட்டதாகாது. தோலிலும் படக் கூடாது, கையுறை வேண்டும்.

இவ்வசதி இல்லாதவர் பட்டி பூசுவதையும் உப்புத்தாளால் நீர் விட்டுத் தேய்ப்பதையும் தாமே செய்துகொண்டு, மேற்பூச்சைப் பட்டறையில் கொடுப்பதே நன்று. ஹார்டனர் சேராத ஒற்றைப் பூச்சும் உண்டு. அது அவ்வளவு நாள் உழைக்காது. அதிலும் தின்னர் ஆவி இருப்பதால் திறந்த வெளியும், ஆவியைத் தடுக்கும் முகமூடியும் தேவை. அருகில் நெருப்பு ஆகாது. எதை வாங்கினாலும் டப்பாவின்மேல் ஐசோசயனேட் என்ற சொல் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

தம் கையால் உழைப்பதும் பொருளை அழகாக வைத்துக்கொள்வதும் மார்க்கம் விரும்புபவையே. ஆனால் நம் உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நினைவூட்டியிருக்கிறார்கள். நிலைப்படியில் அமர்ந்திருந்த குழந்தைக்கும், தார்ப்பாய்க்கு அப்பால் குடியிருக்கும் அண்டை வீட்டாருக்கும் அந்த உரிமை இல்லையா? மூச்சு இறைவன் தந்த அமானிதம். அதை ஒரு டாங்க்கின் மினுக்கத்திற்காகப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை.

மருமகன் வெளுத்த பூச்சைத் தேய்த்தெடுத்து, டாங்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு 70 வளைவுகளும் இறங்கி வந்தான். கூலி கொடுத்தே மேற்பூச்சு அடித்துக்கொண்டான். அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக!