'நைட் சபாரி' போகலாமா என்று கேட்டால் உஷார்! முதுமலைக்கு ஒரே நாளில் போய் வருவது எப்படி?

ஊட்டிக்கு போனோமா, பூங்காவை பார்த்தோமா, ஏரியில் போட்டில் ஏறினோமா, வர்க்கி வாங்கிக்கிட்டு மலை இறங்கினோமா... பெரும்பாலான குடும்பங்களின் நீலகிரி டூர் இத்தோடு முடிந்து விடுகிறது. அங்கிருந்து கூடலூர் வழியாக சுமார் 67 கிலோமீட்டர் தூரத்தில் யானை, புலி, காட்டெருமை சுற்றித் திரியும் முதுமலை காடு இருக்கிறது. ஆனால் "அதெல்லாம் காசு உள்ளவங்க போற இடம்" என்று நினைத்து பலர் திரும்பி விடுகிறார்கள்.

உண்மை அப்படி இல்லை. அரசு பஸ்சில் போய், வனத்துறை வேனில் காட்டை சுற்றிப் பார்த்து, யானைகள் சாப்பிடுவதையும் பார்த்துவிட்டு ஒரே நாளில் திரும்பலாம். முறை தெரியாமல் போகிறவர்கள்தான் புரோக்கர்களிடம் சிக்கி பணத்தை இழப்பதோடு, உயிருக்கும் ஆபத்தை தேடிக் கொள்கிறார்கள்.

3 மாநிலம் சேரும் காடு

முதுமலை 1940-ம் ஆண்டு வனவிலங்கு சரணாலயம் ஆனது. அதன் ஒரு பகுதி பிறகு தேசிய பூங்காவாக மாறியது. 2007-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வடக்கே கர்நாடகாவின் பந்திப்பூர், மேற்கே கேரளாவின் வயநாடு, கிழக்கே சீகூர் காடு. நடுவில் மாயாறு ஓடுகிறது. மனிதர்களுக்குத்தான் மாநில எல்லை. யானைக்கு எல்லாமே ஒரே காடு. தண்ணீரும் தீவனமும் எங்கே கிடைக்கிறதோ அங்கே கூட்டமாக நடந்து விடும்.

எப்படி போவது?

ஊட்டியில் இருந்து கூடலூர் வழியாக மைசூர் செல்லும் பஸ்கள் தெப்பக்காடு வழியாகத்தான் போகின்றன. அங்கேயே இறங்கிக் கொள்ளலாம். கூடலூரில் இருந்து சுமார் 18 கிலோமீட்டர். கல்லட்டி வழியாக மசினகுடிக்கு போனால் தூரம் குறைவு. ஆனால் அது 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட செங்குத்தான ரோடு. பழக்கம் இல்லாத டிரைவர்கள் பிரேக்கை மிதித்துக் கொண்டே இறங்கி, பிரேக் சூடாகி பிடிக்காமல் போய் விபத்தில் சிக்கியது உண்டு. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு கூடலூர் வழிதான் நல்லது.

சொந்த வண்டி, வாடகை காரில் நீலகிரிக்கு வருகிறவர்களுக்கு ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7-ந் தேதி இ-பாஸ் முறை கொண்டு வரப்பட்டது. அரசு பஸ்சில் வருகிறவர்களுக்கு அந்த தொல்லை இல்லை. கார் எடுக்கிறவர்கள் கிளம்பும் முன் விசாரித்துக் கொள்வது நல்லது.

வேனில் என்ன நடக்கும்?

தெப்பக்காட்டில் வனத்துறையின் வரவேற்பு மையம் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் அங்கிருந்து சபாரி வண்டிகள் கிளம்பும். சீட்டு வாங்கி ஏறி உட்கார்ந்தால், குறிப்பிட்ட பாதையில் காட்டுக்குள் கூட்டிப் போய் திரும்பக் கொண்டு வந்து விடுவார்கள். காட்டுத்தீ அபாயம் அதிகமான கோடையிலும், பலத்த மழை நேரத்திலும் சபாரியை நிறுத்தி வைப்பது உண்டு.

புள்ளிமான் கூட்டம் கண்ணில் படும். அதிர்ஷ்டம் இருந்தால் காட்டெருமை, யானை, செந்நாய், கரடி. புலி? அதற்கு யாரும் கேரண்டி தர முடியாது. புலி பெரும்பாலும் தனியாக, மறைவாக, இருட்டு நேரத்தில் நடமாடும் விலங்கு.

ஆனால் புலியை கண்ணால் பார்க்காவிட்டாலும், அது பக்கத்தில் இருப்பதை காடே சொல்லி விடும். மரத்து மேல் இருக்கும் மந்தி, புலியையோ சிறுத்தையையோ பார்த்ததும் கரகரவென்று குரல் கொடுக்கும். கீழே மேயும் மான் உடனே தலையை தூக்கி, வாலை விறைத்து, கூவி எச்சரிக்கும். மந்தி சாப்பிட்டு உதிர்க்கும் இலையும் காயும் மானுக்கு தீனி. மேலே இருக்கும் மந்தியின் கண் மானுக்கு காவல். அனுபவசாலி டிரைவர் இந்த சத்தம் கேட்டதும் என்ஜினை அணைத்து விட்டு காத்திருப்பார். அந்த நேரத்தில் வண்டிக்குள் ஒருத்தர் கத்தினாலும், செல்போனில் பாட்டு போட்டாலும் எல்லாம் போச்சு.

யானைகளுக்கு களி உருண்டை

குழந்தைகளுக்கு பிடித்த இடம் தெப்பக்காடு யானைகள் முகாம். காலையிலும் மாலையிலும் ராகி, கொள்ளு, அரிசி, வெல்லம், உப்பு என ஒவ்வொரு யானைக்கும் அதன் உடம்புக்கு தக்கபடி அளந்து, உருண்டையாக பிடித்து ஊட்டுவார்கள். 2023-ல் ஆஸ்கார் வாங்கிய 'தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்' படத்தில் வரும் பொம்மன்-பெள்ளி தம்பதி, குட்டி யானைகள் ரகு, அம்மு எல்லாம் இந்த முகாமை சேர்ந்தவர்கள்தான்.

பலரை மிதித்துக் கொன்றதால் 1998-ல் பிடிக்கப்பட்ட ஒரு மக்னா யானையும் இங்கேதான் கொண்டு வரப்பட்டது. காயத்தோடு வந்த அதற்கு வைத்தியம் பார்த்த டாக்டர் கிருஷ்ணமூர்த்தியின் நினைவாக மூர்த்தி என்று பெயர் வைத்தார்கள். ஊரையே நடுங்க வைத்த அந்த யானை, பாகன் சொல்லுக்கு கட்டுப்பட்டு சாதுவாக வாழ்ந்து 2024-ல் இறந்தது.

'நைட் சபாரி' வேண்டவே வேண்டாம்

மசினகுடி பக்கம் போனால் சிலர் வந்து காதில் ஓதுவார்கள். "சார், ராத்திரி ஜீப்ல வாங்க, யானை கிட்டக்கவே காட்டுறேன்" என்று ஆசை காட்டுவார்கள். இது சட்டவிரோதம். மாட்டினால் ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, ஏறி உட்கார்ந்தவருக்கும் சிக்கல்தான்.

சட்டத்தை விடுங்கள். உயிர் முக்கியம் இல்லையா? திடீரென டார்ச் வெளிச்சம் கண்ணில் அடித்தால் யானை மிரளும். பக்கத்தில் குட்டி இருந்தால் விரட்டும். இருட்டில் ஒத்தையடி பாதையில் ஜீப்பை ரிவர்ஸ் எடுத்து தப்பிப்பது நடக்காத காரியம். பந்திப்பூர் காட்டு ரோட்டில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்கு தடை போட்டிருப்பதும், இரவில் அடிபட்டு செத்த விலங்குகளை பார்த்த பிறகுதான்.

கண்ணீர் விட்ட வன ஊழியர்

சுற்றுலா ஆசை எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு மசினகுடியிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. சீகூர் பகுதியில் யானை வழித்தடத்தை மறித்து விடுதிகள் முளைத்தன. வழித்தடத்தை காக்கும் உத்தரவை சுப்ரீம் கோர்ட்டு 2020 அக்டோபரில் உறுதி செய்தது. அடுத்த 3 மாதத்தில், விடுதி பக்கம் வந்த ஒரு ஆண் யானை மீது எரியும் பொருளை வீசினார்கள். காதில் தீப்பிடித்து அலறி ஓடிய அந்த யானை, 2021 ஜனவரி 19-ந் தேதி சிகிச்சைக்கு கொண்டு போகும் வழியிலேயே இறந்தது. லாரியில் கிடந்த யானையின் தும்பிக்கையை பிடித்துக் கொண்டு வன ஊழியர் ஒருவர் தேம்பி அழுத வீடியோ பார்த்தவர்களை கலங்க வைத்தது.

கையில் சிப்ஸ் பாக்கெட் வேண்டாம்

* ரோட்டோரம் நிற்கும் குரங்குக்கும் மானுக்கும் தீனி போடக் கூடாது. பழகி விட்டால் அவை ரோட்டிலேயே காத்து நின்று வண்டியில் அடிபடும்.

* யானையை பார்த்ததும் செல்பி எடுக்க இறங்கக் கூடாது. அது நிற்பது மாதிரி தெரியும். ஓட ஆரம்பித்தால் மனிதனால் தப்ப முடியாது.

* பிளாஸ்டிக் பாட்டில், கவரை காட்டில் போடக் கூடாது. உப்பு ருசிக்காக விலங்குகள் கவரோடு தின்று விடும்.

* பளிச் கலர் சட்டையும் வாசனை சென்டும் வேண்டாம். பச்சை, காக்கி நிறம் நல்லது.

ஒரு யானை ஒரு நாளைக்கு 150 கிலோவுக்கு மேல் தழை, புல் தின்னும். அதற்காக அது நாள் முழுக்க நடந்தாக வேண்டும். காட்டுக்குள் அது வீட்டுக்காரர். வண்டியில் போகிறவர்கள் விருந்தாளிகள். விருந்தாளி வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தால், அடுத்த வருஷம் பிள்ளைகளை கூட்டிப் போகும்போதும் அந்த யானை அங்கே நிற்கும்.