ரெப்ளிக்கா ரேஸ் கார்: 1960-களின் கோப்ராவை கராஜிலேயே கட்டுகிறார்களே, எப்படி? நம் ஊரில் அதை ஓட்ட முடியுமா?

2019-ல் வந்த 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் சீறிக்கொண்டு வரும் பழைய ரேஸ் கார்களில் பெரும்பாலானவை அசல் இல்லை, ரெப்ளிக்காக்கள். அசல் கார் ஒன்றின் விலையே பல கோடி. அதை ஸ்டண்ட் காட்சிக்கு யார் கொடுப்பார்கள்?

ஆனால் ரெப்ளிக்கா என்பது சினிமாவுக்கு மட்டுமானது இல்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆபீஸ் வேலை பார்க்கிற சாதாரண ஆட்கள் சனி, ஞாயிறுகளில் வீட்டு கராஜிலேயே இப்படிப்பட்ட கார்களைக் கட்டுகிறார்கள், அதை முறையாகப் பதிவு செய்து ரோட்டிலும் ஓட்டுகிறார்கள். யூடியூபில் அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு 'நாமும் ஒன்று கட்டினால் என்ன' என்று உங்களுக்கும் தோன்றியிருக்கலாம். பணத்தை எடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

அதிகம் நகலெடுக்கப்படுவது எந்தக் கார்?

'ஏ.சி. கோப்ரா'தான். 'ஷெல்பி கோப்ரா' என்றும் சொல்வார்கள்.

கரோல் ஷெல்பி அமெரிக்க ரேஸ் டிரைவர். 1959-ல் ஆஸ்டன் மார்ட்டின் காரில் ராய் சல்வடோரியுடன் சேர்ந்து லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றவர். இதய நோயால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, கார் தயாரிப்பில் இறங்கினார். அதே சமயத்தில் இங்கிலாந்தின் ஏ.சி. கார்ஸ் நிறுவனத்துக்கு ஒரு சிக்கல். அவர்களுடைய 'ஏஸ்' என்ற இலகுவான ஸ்போர்ட்ஸ் காருக்கு பிரிஸ்டல் நிறுவனத்திடமிருந்து வந்துகொண்டிருந்த எஞ்சின் நின்றுபோனது.

ஷெல்பி இரண்டையும் முடிச்சுப் போட்டார். இங்கிலாந்து உடம்பு, அமெரிக்க ஃபோர்டு வி8 எஞ்சின். 1962-ல் முதல் கோப்ரா தயார். அதே ஒரு காரை வேறு வேறு நிறத்தில் பெயின்ட் அடித்து ஒவ்வொரு பத்திரிகைக்கும் அனுப்பி, நிறைய கார்கள் இருப்பதுபோலக் காட்டினார்கள் என்பது கார் உலகில் பிரபலமான கதை. சி.எஸ்.எக்ஸ் 2000 என்ற அந்த முதல் கார், 2016 ஆகஸ்டில் 1.375 கோடி டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 92 கோடி ரூபாய்.

1960-களில் உருவான அசல் கோப்ராக்கள் மொத்தமே ஆயிரத்தை ஒட்டித்தான். ஆசைப்படுபவர்களோ உலகம் முழுக்க. இந்த இடைவெளியில் வளர்ந்ததுதான் ரெப்ளிக்கா தொழில்.

ரெப்ளிக்கா, ரெஸ்டோரேஷன், கன்டினியூவேஷன்: எது எது?

இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். விலையும் சட்டமும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கின்றன.

• ரெஸ்டோரேஷன்: அசல் பழைய காரைப் பழைய நிலைக்கே கொண்டுவருவது.

• கன்டினியூவேஷன்: அந்தக் காரைத் தயாரித்த நிறுவனமே பல வருடம் கழித்து மறுபடி செய்வது. 1957 தீ விபத்தில் எரிந்துபோன 9 எக்ஸ்.கே.எஸ்.எஸ். கார்களுக்குப் பதிலாகப் புதிதாக 9 கார்களைக் கட்டுவதாக ஜாகுவார் 2016-ல் அறிவித்தது இந்த வகை.

• ரெப்ளிக்கா: வேறொருவர் அதே உருவத்தில் புதிதாகச் செய்வது. உதிரி பாகங்களாக வாங்கி நீங்களே பூட்டினால், அது 'கிட் கார்'.

எல்லாக் காரையும் இஷ்டத்துக்கு நகலெடுத்துவிடவும் முடியாது. ஃபெராரி 250 ஜி.டி.ஓ-வை 2019-ல் இத்தாலியின் பொலோன்யா நீதிமன்றம் ஒரு கலைப்படைப்பாகவே அங்கீகரித்து, அனுமதியில்லாமல் நகல் எடுக்கத் தடை விதித்தது.

பெட்டியில் என்ன வரும், என்ன வராது?

அமெரிக்காவில் பிரபலமான கிட் நிறுவனம் ஃபேக்டரி ஃபைவ். 1995-ல் தொடங்கியது. இப்படிப்பட்ட கிட்டில் வெல்டிங் செய்து முடித்த இரும்புக் குழாய் சேஸிஸ், ஃபைபர் கிளாஸ் பாடி, அலுமினியத் தகடுகள், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், வயரிங் எல்லாம் வந்துவிடும்.

வராதவைதான் பர்ஸைக் காலி செய்யும். எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், வீல், டயர், பெயின்ட். இவற்றை நீங்களே தேட வேண்டும். கிட் விலையைப் பார்த்து 'பரவாயில்லையே' என்று கணக்குப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அசலும் நகலும் உள்ளே ஒன்றும் இல்லை. அசல் கோப்ராவின் அடித்தளம் இரண்டு பெரிய குழாய்கள்தான். பாடி, கையால் தட்டி வளைத்த அலுமினியம். ஆரம்ப கார்களில் முன்னும் பின்னும் குறுக்குவாட்டில் ஒரு லீஃப் ஸ்பிரிங். இன்றைய ரெப்ளிக்காக்களில் வலுவான ஃபிரேம், காயில் ஸ்பிரிங், நான்கு வீலிலும் டிஸ்க் பிரேக். உருவம் பழசு, எலும்பு புதுசு.

எஞ்சின்: 302 எப்படி 347 ஆகிறது?

கட்டுகிறவர்களுக்கு உண்மையான போதை எஞ்சினில்தான். கோப்ரா ரெப்ளிக்காக்களில் அதிகம் போடப்படும் எஞ்சின்களில் ஒன்று, ஃபோர்டின் 302 வி8. 302 என்பது கன அங்குலக் கணக்கு. லிட்டரில் சுமார் 4.9. இதை அப்படியே போடாமல், 347 கன அங்குலமாகப் பெரிதாக்குவார்கள். 'ஸ்ட்ரோக்கர்' என்று இதற்குப் பெயர்.

கணக்கு சுலபம். சிலிண்டரின் விட்டம் 4 அங்குலம், பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் 3 அங்குலம், மொத்தம் 8 சிலிண்டர். பெருக்கினால் 302 வரும். இப்போது சிலிண்டரை 4.030 அங்குலத்துக்குக் கடைந்து, பிஸ்டன் 3.4 அங்குலம் போகிற மாதிரி வேறு கிராங்க் ஷாஃப்ட் போடுங்கள். 347 வந்துவிடும். அதாவது சுமார் 5.7 லிட்டர். வெளியே பார்த்தால் அதே எஞ்சின். உள்ளே முக்கால் லிட்டர் கூடியிருக்கிறது.

ஆனால் எதுவும் சும்மா கிடைக்காது. 6,500 ஆர்.பி.எம்-மில் 302-ன் பிஸ்டன் சராசரியாக விநாடிக்கு 16.5 மீட்டர் வேகத்தில் போகும். 347-ல் அதே ஆர்.பி.எம்-மில் 18.7 மீட்டர். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கனெக்டிங் ராடிலும் போல்ட்டிலும் விழுகிற இழுவிசை கூடுகிறது. அதனால் ஃபோர்ஜிங் செய்த ராடும் பிஸ்டனும் போடுவார்கள். பிளாக்குக்கும் ஒரு எல்லை உண்டு. 500 குதிரைத்திறனைத் தாண்டினால் பழைய ஃபேக்டரி பிளாக் நடுவில் பிளந்துவிடும் என்று பயந்தே, அனுபவமுள்ளவர்கள் ரேஸுக்கென்று வார்த்த தனி பிளாக்கை வாங்குகிறார்கள்.

புதியவர்கள் கோட்டை விடுவது எங்கே?

முதலில் பேலன்ஸ். 1980-களுக்கு முந்தைய 302-க்கு 28 அவுன்ஸ் பேலன்ஸ், பிந்தையதற்கு 50 அவுன்ஸ். கிராங்க் ஒரு வகை, ஃப்ளைவீல் இன்னொரு வகை என்று போட்டுவிட்டால், போல்ட் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும், எஞ்சினும் ஸ்டார்ட் ஆகும். ஆனால் அதிர்வு பேரிங்கைத் தின்றுவிடும். எஞ்சினை மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

அடுத்து இடைவெளி. கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி சுமார் 0.05 மில்லிமீட்டர். தலைமுடி அளவுதான். குறைந்தால் ஆயில் படலம் நிற்காமல் உரசும். கூடினால் ஆயில் பிரஷர் இறங்கும். கண் மதிப்பு இங்கே செல்லாது. மைக்ரோமீட்டர் வேண்டும், நல்ல லேத் பட்டறை வேண்டும்.

மூன்றாவது, முதல் ஸ்டார்ட். காய்ந்த எஞ்சினில் சாவியைத் திருப்பக் கூடாது. டிரில் மெஷினால் ஆயில் பம்பைச் சுற்றி, எல்லா இடத்துக்கும் ஆயில் போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பழைய பாணி 'ஃப்ளாட் டேப்பெட்' கேம் ஷாஃப்ட் என்றால், துத்தநாகச் சேர்மம் கலந்த ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2,000 ஆர்.பி.எம்-முக்கு மேலேயே சுமார் 20 நிமிடம் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் புது கேம் முதல் நாளே தேய்ந்துபோகும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு டன் எடையுள்ள காரில் 400 குதிரைத்திறன் என்றால், நீங்கள் இப்போது ஓட்டுகிற ஹேட்ச்பேக்கின் எடைதான், ஆனால் நாலைந்து மடங்கு சக்தி. ஏ.பி.எஸ். கிடையாது, டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிடையாது, ஏர்பேக் கிடையாது. ஈரமான ரோட்டில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூட மிதித்தாலும் பின்பக்கம் சுழன்றுவிடும். எனவே பிரேக், டயர், ரோல் பார், சீட் பெல்ட் ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கிய பிறகுதான் குதிரைத்திறனைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டில் மட்டும் எப்படி அனுமதிக்கிறார்கள்?

அங்கே தனி ஒரு காரைச் சோதித்து அனுமதிக்கும் வழி இருக்கிறது.

பிரிட்டனில் 'தனி வாகன ஒப்புதல்' என்ற சோதனை. உங்கள் கையால் கட்டிய ஒரே ஒரு காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் பிரேக், ஸ்டீயரிங், புகை, லைட், கண்ணாடி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். வெளியே துருத்தும் பாகங்களின் முனை 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்காவது மழுங்கியிருக்கிறதா என்றுகூட அளப்பார்கள். பாதசாரி மீது பட்டால் கிழிக்கக் கூடாது என்பதற்காக.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிஃபோர்னியாவில் தனியாகக் கட்டிய கார்களுக்குப் புகை விதியில் சலுகை உண்டு. ஆனால் வருடத்துக்கு 500 கார்களுக்கு மட்டுமே. தவிர, 2015-ல் வந்த ஒரு சட்டம், சிறு நிறுவனங்கள் வருடத்துக்கு 325 ரெப்ளிக்காக்கள் வரை முழு காராகவே விற்க வழி செய்தது.

இந்தியாவில் கட்டினால் ரோட்டில் ஓட்டலாமா?

சுருக்கமான பதில்: முடியாது. காரணங்கள் இவை.

• புதிதாக ஒரு கார் சாலைக்கு வர, மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி அதன் மாதிரி, அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தில் தேற வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்றவை அந்த மையங்கள். இது தயாரிப்பு நிறுவனங்களை மனதில் வைத்து எழுதிய விதி. ஒரே ஒரு காரைக் கட்டும் தனிநபருக்கு நடைமுறையில் கட்டுப்படியாகாது.

• 'பழைய காரின் ஆர்.சி-யை வைத்துக்கொண்டு பாடியை மட்டும் மாற்றிவிடலாமே?' மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இடம் கொடுக்காது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியது. மீறினால் பிரிவு 182ஏ-யின்படி உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

• 'வின்டேஜ் பதிவு வாங்கிவிட்டால்?' 2021-ல் வந்த விதிப்படி அது 50 வருடத்துக்கு மேல் பழைய, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத அசல் வண்டிகளுக்கு மட்டும். புது ரெப்ளிக்கா அதில் வராது. வின்டேஜ் வண்டியையே கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம்.

பழைய செடான் ஒன்றை வெட்டி ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி செய்து தருகிறோம், 'பேப்பர் எல்லாம் பார்த்துக்கலாம்' என்று ஒரு பட்டறை சொன்னால், அந்த வாக்கியத்திலேயே உஷாராகிவிடுங்கள். வண்டி பறிமுதலானால் போவது உங்கள் பணம். விபத்து நடந்தால், ஆர்.சி-யில் இருப்பது ஒன்று, ரோட்டில் இருப்பது வேறொன்று என்ற நிலையில் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கை விரிக்க அதுவே போதும்.

அப்போது ஆசைப்பட்டவர் என்ன செய்வது?

வழி ரேஸ் டிராக்கில் இருக்கிறது. ரோட்டுக்கே வராமல், ஃப்ளாட்பெட் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் டிராக்கில் மட்டும் ஓட்டும் காருக்கு ஆர்.சி. தேவையில்லை. பந்தயத்தில் இறங்க எஃப்.எம்.எஸ்.சி.ஐ. லைசென்ஸும், அந்தந்தப் பிரிவின் தொழில்நுட்ப விதிகளும் கட்டாயம். எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள் என்று கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கட்டி முடித்த பிறகு கேட்டால் கார் கராஜ் அலங்காரமாகத்தான் நிற்கும்.

இது நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்தே கையில் கிடைத்த எஞ்சினைக் கொண்டு ரேஸ் கார் கட்டிய ஊர் இது. கோவையின் எஸ்.கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்தே 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். ஒரு தலைமுறை டிரைவர்கள் அதில்தான் பழகினார்கள். அவர் பெயரில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில்தான், கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய கார்களோடு மோதும் 'ஃபார்முலா பாரத்' போட்டியும் நடந்துவருகிறது.

எனவே தொடங்கும் முன் மூன்று கேள்விகள். இந்தக் கார் எங்கே ஓடப்போகிறது? ரோடு என்றால் இப்போதைக்கு வேண்டாம். டிராக் என்றால் மேலே படியுங்கள். கிட்டைத் தவிர எஞ்சின், இறக்குமதி வரி, பெயின்ட், சேஃப்டி என்று முழுப் பட்டியலையும் எழுதிவிட்டீர்களா? கடைசியாக, ஒரு எஞ்சினையாவது முழுதாகப் பிரித்துப் பூட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றால் பழைய மாருதி எஞ்சின் ஒன்றை வாங்கி, தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்க, அதில் கை வையுங்கள். கிட்டுக்கு ஆர்டர் கொடுப்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.