நெடுந்தீவின் முருகைக்கல் வேலி

குதிரைகளையும் கோட்டையையும் பார்த்துவிட்டுப் பின்னேரப் படகைப் பிடிக்கும் அவசரத்தில் பலர் இந்த வேலியைக் கவனிப்பதே இல்லை. தீவில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். யாழ்ப்பாணத்தில் கிடுகாலும் பனையோலையாலும் வளவை அடைத்தார்கள்; இங்கே நிலத்தைக் கிண்டினால் வரும் முருகைக்கல்லையே அடுக்கினார்கள்.

சாந்து கிடையாது. பெரிய கல் அடியில், சிறியவை இடுக்கில். ஒன்றின் பாரம் மற்றதைப் பிடித்து நிற்கிறது. இடைவெளிகளால் கடற்காற்று புகுந்து போய்விடும், ஆடு மாடு புகாது.

கிட்டப் போய் ஒரு கல்லை உற்றுப் பாருங்கள். தேன்கூடுபோல நெருங்கிய குழிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு பவள உயிரி குடியிருந்த அறை. அது தன்னைச் சுற்றிக் கட்டிய சுண்ணாம்பே இந்தக் கல். தடவினால் கை சிராய்க்கும்.

யாழ்ப்பாணம் 1658இல் ஒல்லாந்தர் வசமானது. அவர்கள் பெயரால் இத்தீவில் வழங்கும் கோட்டையும், பழைய புறாக்கூடும் இதே கல்தான். அவற்றுக்கு மட்டும் சுண்ணச்சாந்து சேர்த்தார்கள்.

வேலியில் ஏறவோ சாயவோ வேண்டாம். ஒரு கல் நழுவினால் கூடவே பத்துக் கல் சரியும்.