மருமகன் தோளுக்கு அளவெடுத்த மரம்

மேடையை விட்டு இறங்கியதும் என் தங்கை மகன் இடது தோளைப் பிடித்துக்கொண்டு கழுத்தை இரண்டு பக்கமும் திருப்புவான். மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். மும்பையில் செம்பூர், தாராவி, சயான் கோலிவாடா என்று நம் தமிழ் ஆட்கள் இருக்கிற இடமெல்லாம் கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, பிள்ளையார் சதுர்த்தி. நாலு மணி நேரம் நின்றபடியே வாசிக்க வேண்டும். ஒருநாள் சட்டையை விலக்கிக் காட்டினான். வார் அழுத்திய இடம் கன்றிப்போயிருந்தது.

"எத்தன கிலோல இது?"

"தெரியல மாமா. தூக்கிப் பாருங்க."

எதிர்த்த மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். 4 கிலோ 900 கிராம். திருப்பி, பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பிளைவுட். இரண்டு மழைக்காலத்து ஈரம் குடித்து அடுக்கடுக்காக விட்டுப்போயிருந்தது. திருகாணிகள் பிடிமானம் இல்லாமல் சுற்றின. ஆனால் கழுத்து, அதாவது விரல் வைத்து வாசிக்கிற அந்த நீளக் கட்டை, அம்பு மாதிரி நேராக இருந்தது. கழுத்தை வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் புதிதாகச் செய்யலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து உளியும் இழைப்புளியுமாக பம்பாய்க்கு வந்த தச்சர். செம்பூரில் அவர் போட்ட பட்டறையில்தான் முப்பது வருடமாக நாற்காலியும் கட்டிலும் செய்கிறேன். வாத்தியம் செய்தது இல்லை. இந்த வேலைக்காகப் படித்தேன், கேட்டேன், பழைய கிட்டார்களைக் கழற்றிப் பார்த்தேன். தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

பேஸ் கிட்டாரை நம்மில் பலர் தனியாகக் கேட்டிருக்க மாட்டோம். பாட்டில் அது இல்லாமல் போனால்தான் ஏதோ குறைகிறது என்று தெரியும். தாளத்துக்கும் மெட்டுக்கும் நடுவே ஓடும் தடித்த, தாழ்ந்த ஒலி அது. இளையராஜாவின் பாட்டுகளை ஹெட்ஃபோனில் கேட்டால் குரலுக்கு அடியில் தனியாக இன்னொரு பாட்டு நடந்துகொண்டிருப்பது தெரியும். ஏ.ஆர்.ரஹ்மானின் பாட்டுகளில் வாசித்த கீத் பீட்டர்ஸ், இதே மும்பையில் வளர்ந்து உலகம் சுற்றும் மோகினி டே என்று இந்த வாத்தியத்தில் நம் நாட்டுப் பெரிய கைகள் உண்டு. பொதுவாக நாலு கம்பி. தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் வினாடிக்கு 41 முறை அதிரும்.

அந்தத் தாழ்ந்த ஒலிக்கு முன்பெல்லாம் ஆள் உயர டபுள் பேஸைத்தான் நிறுத்தி வைத்து வாசித்தார்கள். அதைத் தோளில் மாட்டுகிற அளவுக்குச் சுருக்கும் முயற்சியை 1930-களிலேயே அமெரிக்காவின் சியாட்டிலில் பால் டட்மார்க் செய்து பார்த்தார். பரவலாக்கியவர் லியோ ஃபென்டர். கலிஃபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். 1951-இல் அவர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் உடம்பு வெறும் பலகைதான். விளிம்புகூடச் சரிக்கவில்லை. 1954-இல்தான் முன்கை படியும் மூலையையும் வயிற்றை ஒட்டும் பின்பக்கத்தையும் சீவி விட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஒரு தைரியம் வந்தது. நாற்காலியில் கை வைக்கிற இடத்தை நாங்கள் வளைப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

வீணை செய்கிறவருடைய கவலை வேறு. தஞ்சாவூரில் பலாமரத்தைக் குடைந்து குடம் எடுக்கிறார்கள். கம்பியின் அதிர்வு குதிரை வழியாக மேல்பலகைக்கு இறங்கி, குடத்துக் காற்றை அசைத்து ஒலியாக வெளியே வருகிறது. அங்கே மரம்தான் பாடுகிறது. மின் பேஸில் கம்பிக்குக் கீழே பிக்கப் இருக்கிறது. காந்தம், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் எழும். அதை ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்கும். உடம்பு குடமாக இருக்க வேண்டியதில்லை, அசையாத பிடிமானமாக இருந்தால் போதும். மரத்துக்கு மரம் ஒலி எவ்வளவு மாறும் என்று வாசிக்கிறவர்களுக்குள் ஓயாத சண்டை உண்டு. என் கணக்கில் பிக்கப்பும் கம்பியும் வாசிக்கிற விரலும்தான் பெரிய பங்கு. மரம் முதலில் பதில் சொல்ல வேண்டியது அவன் தோளுக்கு.

பேஸ் உடம்பு ஒன்றைத் தண்ணீரில் முக்கினால் ஏறக்குறைய நாலரை லிட்டர் வழியும். ஈட்டி மரத்தில் செய்தால் அந்த நாலரை லிட்டர் மூன்றே முக்கால் கிலோ. தேக்கில் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தேக்கு என் கைக்குப் பழகிய மரம், ஆனால் எண்ணெய்ப்பசை உள்ளது, ஒட்டும் இடத்தைத் தின்னர் போட்டுத் துடைக்காவிட்டால் பசை சரியாகப் பிடிக்காது. நான் தேர்ந்தெடுத்தது துன் மரம். தமிழில் சந்தன வேம்பு. வேம்பும் மகோகனியும் சேர்ந்த குடும்பம்தான். சிவப்பு ஓடிய நிறம், இழைத்தால் நல்ல வாசம், லிட்டருக்கு அரைக் கிலோவை ஒட்டிய எடை. சித்தார் செய்ய நெடுங்காலமாகப் பயன்படும் மரம். இதே மகாராஷ்டிரத்தில் மிரஜ் ஊரின் சித்தாருக்கும் தம்பூராவுக்கும் 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வாத்தியமாகிப் பழகிய மரம் என்பதே எனக்குப் பாதி நம்பிக்கை தந்தது.

மரம் வாங்க ரே ரோடு போனேன். செம்பூரில் ஹார்பர் லைன் வண்டி ஏறினால் நேராக இறங்கலாம். துறைமுகத்தை ஒட்டிய அந்த மர மண்டிகளுக்கு அப்பாவோடு சின்ன வயதிலிருந்து போயிருக்கிறேன். கட்டையைச் சுண்டிப் பார்ப்பது, முனையில் எச்சில் தொட்டு ரேகை பார்ப்பது எல்லாம் அங்கே கற்றதுதான். கணு இல்லாத, வெடிப்பு இல்லாத, இரண்டு அங்குலக் கனப் பலகை ஒன்று கிடைத்தது. ஜனவரி மாதம். உடனே அறுக்கவில்லை. இரண்டாக வெட்டி, இடையில் குச்சி வைத்துக் காற்றோட்டமாகப் பரணில் அடுக்கினேன். ஞாயிறுதோறும் எடை போட்டுப் பலகையின் மேலேயே பென்சிலால் எழுதினேன். எடை இறங்கிக்கொண்டே இருந்தால் ஈரம் இன்னும் வெளியேறுகிறது என்று அர்த்தம். ஏப்ரலில் மூன்று வாரம் ஒரே எண் நின்றது. மரம் தயார்.

அதற்குள் படம் வரைந்தாகிவிட்டது. முதலில் நடுக்கோடு. எல்லா அளவும் அதிலிருந்துதான். கழுத்தின் உச்சியில் கம்பி ஏறும் வெள்ளைக் கட்டையிலிருந்து பிரிட்ஜில் கம்பி படியும் இடம் வரை 34 அங்குலம், 864 மில்லிமீட்டர். பன்னிரண்டாவது மெட்டு, அதாவது விரல்பலகையில் பதித்த பன்னிரண்டாவது குறுக்குக் கம்பி, சரியாகப் பாதி. கழுத்து கையில் இருந்ததால் அந்த 17 அங்குலத்தை அளந்து, அதே 17-ஐ இந்தப் பக்கம் வைத்தேன். தடித்த கம்பிக்கு இன்னும் கொஞ்சம் நீளம் வேண்டும் என்பதால் பிரிட்ஜில் பின்னே நகர்த்த இடம் விட வேண்டும். கழுத்து உட்காரும் பள்ளம் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலும் பிரிட்ஜ் முனையில் நாலு மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும், ஓரத்துக் கம்பி விரல்பலகையை விட்டு வெளியே போகும்.

ஆனால் என்னை நாட்கணக்கில் உட்கார வைத்த சிக்கல் வேறு. எடையைக் குறைத்தால் தோள் தப்பிக்கும். அதே சமயம் கழுத்துப் பக்கம் கீழே சரியும். நுனியில் கம்பி முறுக்கும் நாலு இரும்புச் சாவிகளின் பாரம் இருக்கிறதே, கனமான உடம்பு அதற்கு ஈடுகொடுத்துக்கொண்டிருந்தது. உடம்பை இலேசாக்கினால் தராசு அந்தப் பக்கம் சாய்கிறது. வாசிக்கிறவன் இடது கையால் கழுத்தைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டும், மணிக்கட்டு போய்விடும். இதற்குத் தீர்வு, உடம்பிலிருந்து கழுத்துப் பக்கம் நீளும் மேல் கொம்பில் இருக்கிறது. வாரின் முன் பித்தானை அந்தக் கொம்பின் நுனியில்தான் பொருத்துவார்கள். கொம்பு எவ்வளவு நீள்கிறதோ, தொங்கும் புள்ளி அவ்வளவு கழுத்துப் பக்கம் நகரும்.

கணக்குப் போட்டு நம்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை. மலிவுப் பிளைவுட்டில் ஒரு பொம்மை உடம்பு அறுத்து, பின்னால் துண்டுக் கட்டைகளைத் திருகி எடையைச் சரிக்கட்டி, நிஜக் கழுத்தை மாட்டி அவன் தோளில் தொங்கவிட்டேன். "கண்ண மூடுலே. ரெண்டு கையையும் விடு." கழுத்து மெதுவாகத் தரையைப் பார்த்து இறங்கியது. பித்தான் அப்போது பதினாலாவது மெட்டுக்கு நேரே இருந்தது. இன்னொரு பொம்மை அறுத்தேன். கொம்பை ஏறக்குறைய இரண்டு அங்குலம் நீட்டி, பித்தானைப் பன்னிரண்டாவது மெட்டுக்கு நேரே கொண்டுவந்தேன். பழைய பிரிசிஷன் பேஸிலும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும் என்பது பிறகு தெரிந்தது. இந்த முறை அவன் கையை விட்டதும் வாத்தியம் கொஞ்சம் ஆடி, மேல்நோக்கிய சாய்வில் அப்படியே நின்றது. அவன் கண்ணைத் திறக்காமலே சிரித்தான்.

அந்த நாட்களில்தான் நெட் ஸ்டைன்பெர்கரைப் பற்றிப் படித்தேன். மேசை நாற்காலி வடிவமைத்துக்கொண்டிருந்தவர். புரூக்ளினில் மரவேலைக்காரர்கள் பகிர்ந்துகொண்ட ஒரு பட்டறையில் அவருக்குப் பக்கத்திலேயே ஸ்டூவர்ட் ஸ்பெக்டர் கிட்டார் செய்துகொண்டிருந்தார். அவருக்காக 1977-இல் ஸ்டைன்பெர்கர் வரைந்து கொடுத்த பேஸின் முதுகு உள்வாங்கி வளைந்திருக்கும், வாசிக்கிறவரின் வயிற்றோடு அணைந்து நிற்கும். உட்காருகிறவரின் முதுகைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தோன்றியிருக்கிறது. நானும் அவன் விலா எலும்பு தொடும் இடத்தைச் சட்டையின் மேல் சாக்பீஸால் குறித்து, அந்த அளவுக்குப் பின்பக்கத்தைச் சரித்தேன். அதற்கு மெஷின் வைக்கவில்லை. அப்பாவின் இழைப்புளியும் அரமும்தான்.

இரண்டு பலகைகளின் ஓரத்தையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கீற்று தெரியாத வரை இழைத்து, ஃபெவிகால் போட்டு ஓர் இரவு கிளாம்பில் இறுக்கினேன். மறுநாள் கனத்தை 44 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். கழுத்துப் பள்ளம் 16 மில்லிமீட்டர் ஆழம். ரவுட்டரை ஒரே தடவையில் இறக்கக் கூடாது, மும்மூன்று மில்லிமீட்டராக இறங்க வேண்டும். அப்படி இறங்கியும் கீழ்க் கொம்பின் வளைவில் ரேகைக்கு எதிராகக் கத்தி திரும்பிய ஓரிடத்தில் விரல் நகம் அளவுக்குச் சில்லு தெறித்தது. பட்டறை முழுக்கச் சீவலைக் கூட்டிச் சலித்துத் தேடினோம். மருமகன்தான் கண்டெடுத்தான். அதையே அதன் இடத்தில் ஒட்டினேன். இன்றும் உற்றுப் பார்த்தால் ஒரு மெல்லிய கோடு தெரியும்.

பிக்கப் இரண்டு துண்டாக வருகிற வகை, 1957-இல் ஃபென்டர் கொண்டுவந்தது. ஒன்று தடித்த இரண்டு கம்பிக்கு, மற்றது மெல்லிய இரண்டுக்கு. இரண்டின் சுருளும் காந்தமும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசை என்பதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை மாறுவது. தடித்த கம்பியின் மூன்றாவது மெட்டில் விரல் வைத்தால் 49. கரண்டின் 'ம்ம்ம்' சத்தம் ஏறக்குறைய ஒரு பேஸ் ஸ்வரம், அதனால் கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது கஷ்டம். கோயில் பந்தலில் சீரியல் செட்டும் ஜெனரேட்டரும் பக்கத்திலேயே ஓடும். அதனால் ஒயர்கள் இருக்கும் குழி முழுக்கச் செம்புத் தகடு ஒட்டி எர்த்தோடு சேர்த்தேன்.

பாலிஷுக்கு அப்பா இருந்தால் அரக்குதான் என்பார். பஞ்சுப் பொட்டலத்தில் தொட்டுத் தொட்டு அவர் ஏற்றும் பளபளப்பை நான் இதுவரை எட்டியதில்லை. ஆனால் மும்பை ஈரக்காற்றில் அரக்கு வெளுக்கும், நாலு மணி நேர வியர்வையையும் அது தாங்காது. மனதைத் தேற்றிக்கொண்டு பியு, அதாவது பாலியூரித்தேன் அடித்தேன், மினுக்கம் இல்லாத வகை. மே கடைசி வாரத்தில், மழைக்கு முன்பே, முன்னும் பின்னும் திருகுத் துளைக்குள்ளும் அடைத்து முடித்தாயிற்று. வார் மட்டும் தாராவித் தோல் பட்டறை ஒன்றில் மூன்று அங்குல அகலத்தில் தைத்து வாங்கினோம். அகலம் கூடினால் அதே எடை தோளில் பரவி இறங்கும்.

கம்பி மாட்டி அதே மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். 3 கிலோ 700.

ஆடிக் கொடைக்கு நான் போயிருந்தேன். இரவு எட்டரைக்கு ஆரம்பித்து பன்னிரண்டரைக்கு முடிந்தது. நான் பாட்டைக் கவனித்தேனா என்றால் இல்லை, அவன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கழுத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தான். வாத்தியம் அங்கேயே நின்றது. இறங்கி வந்து சட்டையை விலக்கினான். தோலில் வாரின் தையல் கோடு மட்டும் இலேசாகப் பதிந்திருந்தது.

அவனுக்குப் பின்னாலேயே அந்தக் குழுவில் கோரஸ் பாடும் பெண் வந்து நின்றாள். பேஸ் கற்றுக்கொள்கிறாளாம். உயரம் நாலடி பத்து அங்குலம். முதல் மெட்டு வரை கை நீட்டினால் முழங்கை நேராகிவிடுகிறது என்றாள். 30 அங்குல நீளத்தில் சின்னக் கழுத்துகள் உண்டு, பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர்கூட அந்த நீளம்தான். கழுத்து சுருங்கினால் நுனிப் பாரம் உள்ளே வரும், கொம்பை இவ்வளவு நீட்ட வேண்டியிருக்காது. "எந்தத் தோள்ல மாட்டுவ தாயி?" என்று கேட்டேன். வலது தோளைத் தொட்டாள். இடக்கைக்காரி. படத்தை முதலிலிருந்து திருப்பி வரைய வேண்டும். சட்டைப்பையில் இருந்த டேப்பை எடுத்தேன்.