உழைப்புப் பற்றிய கிறிஸ்தவ நோக்கு: மட்டக்களப்பு வாவிக்கரையை முன்வைத்துச் சில குறிப்புகள்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. முன்னையது நெல்வயல்களின் நிலம். பின்னையது கடற்றொழிலும் கைத்தொழிலும் வாணிபமும் செறிந்த நிலம். இரு கரைகளிலும் மக்கள் நாள்தோறும் புரியும் உழைப்புக்கு, அது ஈட்டித்தரும் வருவாய்க்கு அப்பால், ஏதேனும் பொருள் உண்டா? இவ்வினாவுக்குக் கிறிஸ்தவம் அளிக்கும் விடையை, அச்சமயம் ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளாக நிலைகொண்டுள்ள இப்பிரதேசத்தின் அநுபவத்தோடு வைத்து நோக்குவதே எமது கருத்து.

உழைப்பு மனிதனுக்கு இடப்பட்ட சாபம் என்பதே கிறிஸ்தவ போதனை எனப் பலர் கருதுவர். விவிலியம் அவ்வாறு கூறவில்லை. தொடக்க நூலின்படி, தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் பணி மனிதனுக்கு அவனது வீழ்ச்சிக்கு முன்னரே அளிக்கப்பட்டது. வீழ்ச்சியின் பின் வந்தது உழைப்பன்று, அதன் கடுந்துயரே. மேலும், அந்நூல் காட்டும் இறைவன் மண்ணைப் பிசைந்து உருவம் செய்பவன். ஏழாம் நாள் ஓய்பவன். அவ்வோய்வு அடிமைக்கும் கால்நடைக்குங்கூட உரியதெனப் பின்னர் விதிக்கப்பட்டது. கைவினைஞனுக்குச் சிறந்த அரசிற் குடியுரிமை தகாது என அரிஸ்டோட்டில் கருதிய பண்டைய உலகிலே, தச்சர் ஒருவரையே ஆண்டவராக ஏற்றதும், கூடாரத் தொழிலாளியான பவுலைத் தன் ஆசானாகக் கொண்டதும் இச்சமயத்தின் புதுமையெனலாம்.

எனினும் திருச்சபை இந்நோக்கில் எக்காலமும் உறுதியாக நின்றதில்லை. மத்திய காலத்தில் தியான வாழ்வே மேலெனவும் கைத்தொழில் கீழெனவும் கொள்ளப்பட்டது. 16ஆம் நூற்றாண்டிலே மார்ட்டின் லூதர், துறவியின் பணியைப் போன்றே உழவனின் பணியும் இறையழைப்பு என வாதிட்டார். கத்தோலிக்கத் தரப்பில், 1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரின் சுற்றுமடல் தொழிலாளரின் நியாய ஊதியத்தை வலியுறுத்தியது. 1955இல் மே முதலாம் நாள் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக்கப்பட்டது. 1981இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், உழைப்பின் மதிப்பு முதற்கண் செய்யப்படும் வேலையின் தரத்திலன்றி, அதைச் செய்பவர் மனிதர் என்பதிலேயே தங்கியுள்ளது என விளக்கினார். உழைப்பின் விளைவு உழைப்பாளிக்கே அந்நியமாவதை 1844இல் மார்க்ஸ் சுட்டிக்காட்டியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. தொடங்குமிடம் வேறாயினும், இருவரும் காக்க முனைவது உழைக்கும் மனிதனையே.

இக்கோட்பாடு வாவிக்கரையில் எவ்வாறு நடைமுறை கண்டது? இதற்குப் பறங்கியரின் வரலாறு சிறந்த உரைகல். 1628இல் போர்த்துக்கேயர் இங்கு கோட்டை அமைத்தனர். 1638இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். எஞ்சிய போர்த்துக்கேய வழித்தோன்றல்கள் கத்தோலிக்கத்தையும் தமது கிரியோல் மொழியையும் பேணியவாறு, தச்சுவேலை, கொல்லுவேலை, இயந்திரத் திருத்தம் ஆகியவற்றில் வல்லவராயினர். ஆனால் எழுதுவினைஞராகவும் சட்டத்தரணிகளாகவும் உயர்ந்த ஒல்லாந்தப் பறங்கியர், இவர்களை 'மெக்கானிக்' என இழித்துரைத்தனர். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1982இல் எழுதிய கட்டுரையொன்றின் தலைப்பிலேயே இச்சொல் இடம்பெற்றுள்ளது. தச்சரை வணங்கும் இரு கிறிஸ்தவக் குழுவினரிடையே, தச்சுத் தொழிலே இழிசொல்லுக்குக் காரணமாயிற்று என்பது சிந்தனைக்குரியது.

மிஷன் கல்வியும் இம்முரண்பாட்டைத் தீர்க்கவில்லை. 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும், 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரியும் இப்பிரதேசத்துக்கு ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும் குடியேற்ற ஆட்சியின் கீழ் ஆங்கிலக் கல்வியின் பயன் பெரும்பாலும் உத்தியோகமாகவே இருந்தது. வேதபாடத்தில் உழைப்பின் மேன்மையைக் கற்ற மாணவன், வயலிலிருந்தும் பட்டறையிலிருந்தும் விலகுவதையே முன்னேற்றமெனக் கொண்டான். இக்குறையை ஈடுசெய்யும் முயற்சியாகவே இயேசு சபையினரின் கிழக்குத் தொழில்நுட்ப நிலையத்தை நாம் காண்கிறோம். அதன் இயக்குநராயிருந்த அமெரிக்கக் குருவானவர் இயூஜின் ஹேபர்ட், 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியிற் காணாமற்போனார்.

உழைப்பைப் புனிதமாகக் காணும் மரபு கிறிஸ்தவத்தோடு இங்கு வந்ததெனக் கொள்வதும் தவறு. சூடடிக்கும் களத்தை மட்டக்களப்பு உழவர் தெய்வத்தன்மையுடைய இடமாகப் போற்றினர். நெல்லைப் 'பொலி' என்றே அங்கு வழங்கினர். பண்டிதர் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) இப்பிரதேசப் பண்பாட்டை விரிவாக எடுத்துரைக்கின்றது. ஆனால் வேலை புனிதமாவதால் மட்டும் வேலையாள் சமத்துவம் பெற்றுவிடுவதில்லை. கோயிற் பணிகள் குடிக்கும் சாதிக்கும் உரியவையாக வகுக்கப்பட்டபோது, பணி மதிக்கப்பட்டது. அதைச் செய்வோர் பிறப்பினால் ஒரு படியில் நிறுத்தப்பட்டனர். வேலையிலிருந்து மனிதனை நோக்காது, மனிதனிலிருந்து வேலையை நோக்கும் கிறிஸ்தவ சிந்தனை, இவ்விடத்திலேதான் பயன்படக்கூடியது.

அதன் கூர்மை கூலிப் பிரச்சினையிற் புலப்படும். அந்தி சாயுமுன் கூலி கொடுக்கப்படவேண்டும் என்பது மோசேயின் சட்டம். கொடாது வைத்த கூலி இறைவனை நோக்கிக் கூக்குரலிடும் என்பது யாக்கோபின் எச்சரிக்கை. மத்தேயு கூறும் உவமையிலோ, மாலைவரை வேலை கிடையாதிருந்தவனும் முழுநாட் கூலி பெறுகின்றான். போடியாரின் நிலத்தில் உழைத்த முல்லைக்காரனுக்கும், அறுவடை இயந்திரம் பரவியதால் வேளாண்மை வெட்டிற் கிடைத்த கூலியை இழந்தோருக்கும் இவ்வுவமை அந்நியமானதன்று. வேலையின்மை சோம்பலின் விளைவன்று எனவும், பிழைப்பதற்கான உரிமை உழைத்த மணிநேரத்துள் அடங்காது எனவும் அது உணர்த்துகின்றது. போரினால் கணவரை இழந்து குடும்பச் சுமையைத் தாங்கும் பெண்களின் கூலியற்ற வீட்டுவேலையையும் இந்நோக்கு கணக்கிற் கொள்ளவேண்டும். மார்த்தாளின் அடுக்களைப் பணியைத் தாழ்த்தி மரியாளின் அமர்வை மட்டும் உயர்த்திய மரபுவழி விளக்கம் இதற்குத் தடையாகும்.

உழைப்பே வழிபாடு என்னும் கூற்று, குறைந்த கூலியைப் பொறுத்துக்கொள்ளச் செய்யும் மயக்கமருந்தாகவும் மாறலாம். முற்போக்காளர் நெடுங்காலமாக எழுப்பிவரும் இவ்வையம் நியாயமானதே. அதற்கான மறுமொழி கோட்பாட்டில் இல்லை, நடைமுறையிலேயே உண்டு. உளி பிடித்தவனை இழித்துரைக்காத சபையும், பட்டறையைப் பின்தங்கியோரின் புகலிடமாகக் கருதாத பாடசாலையும், அந்திக்கு முன் நியாயமான கூலி கொடுக்கும் நிலவுடைமையாளரும் உளரெனின், அப்போதனை மெய்யாகும். அன்றேல், மே முதலாம் நாளிற் சூசையப்பரின் சுரூபத்துக்குச் சூட்டும் மாலை, தச்சரைப் போற்றுவதாகாது.