ஏரியைக் காத்த வாரியம்

பேத்தமங்களா ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது நம்ம கோலார் தங்கவயல். சரி, ஒரு ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலையை ஒரு சின்னப் பையன் கையில் கொடுப்பார்களா?

கொடுத்திருக்கிறார்கள்! பாலாறு பேத்தமங்களாவைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போகிறது இல்லையா, அந்தப் பக்கம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் என்று ஒரு ஊர். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், பராந்தக சோழன் காலத்தில், அந்த ஊர்ச் சபை போட்ட சட்டம் இன்னமும் கோயில் சுவரில் கல்வெட்டாக இருக்கிறது. தோட்டத்துக்கு ஒரு வாரியம், ஏரிக்கு ஒரு வாரியம். வாரியம் என்றால் இன்றைய கமிட்டிதான்.

தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத ஒரு சிறுவன் கையை விட்டு எடுப்பான். அந்த ஓலையை வாங்குகிற நடுவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும், வேறு ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாதே!

நிலமும் வீடும் உள்ள ஆண்களுக்கு மட்டும்தான் அந்த வாய்ப்பு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரு விதி மட்டும் ரொம்பக் கறார். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரின் பெயர் மறுபடி குடத்துக்குள் போகாது. அவர் மட்டுமா? மகன், மாமனார், மைத்துனர் பெயரும்தான்!